ஆற்றங்கரையில் ஒரு காலி இடம்

செடிகொடிகளைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நான், ஒரு முருங்கைக் குச்சியைக் கொன்றிருக்கிறேன். என் மனைவி கோயம்புத்தூரிலிருந்து ஈரத்துணி சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஒரே குச்சி அது.

வடக்கே நாங்கள் குடியேறிய விஷ்ராந்த்வாடியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஆறு. நீரோரம் கோரை, மேட்டில் கருவேலம், நடுவே வெளுத்த வெற்று மண். இவ்வளவு நல்ல இடம் ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்று பூரித்து அங்கே நட்டேன். வீட்டுக் குழாய் வழக்கம்போல் வறண்டிருக்க, கோடை முழுக்க டேங்கர் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றினேன். முதுகு போனதுதான் மிச்சம். குச்சி துளிர்க்காமல் கறுத்தது.

அலுத்துப்போய் அங்கேயே உட்கார்ந்து, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். சாக்கடை கலக்கும் அந்த ஆற்றருகே யாரும் செய்யக்கூடாத காரியம். உப்புக் கரித்தது. வெயில் ஈரத்தை உறிஞ்ச, அடியிலிருந்த உப்பு மேலேறிப் படிந்திருக்கிறது. கோரை ஈரத்தோடு நின்றுவிட்டது, கருவேலம் மேட்டுக்கு ஒதுங்கிவிட்டது. எல்லாச் செடிகளும் பார்த்து வேண்டாமென்று விட்ட இடத்துக்குக் கடைசியாக வந்தவன் நான்.

வீட்டில் மனைவி குச்சியை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை.

“ஏனுங்க, ஒரு எடம் சும்மா கெடந்தா, ஏன் சும்மா கெடக்குதுன்னு கேக்க மாட்டீங்களா? இந்த ஃப்ளாட்டையும் அப்படித்தான வாங்குனீங்க.”