எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் நான் பார்ப்பது புள்ளியியல் வேலை. தொற்றுநோய் பரவும்போது ஜனங்களுக்கு எவ்வளவு பதற்றம் என்று அளக்க அரபியில் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார்கள். அது சரியாக அளக்கிறதா என்று சோதிக்க என்னைப் போட்டார்கள். காரணம், ஒரு மீட்டிங்கில் முதல் பக்கத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்துவிட்டேன். காயல்பட்டினத்தில் ஆறு வயதிலேயே குர்ஆன் ஓதப் போனவள் நான். வாசிக்க என்ன கஷ்டம்? அர்த்தம்தான் தெரியாது. அதைச் சொல்வதற்குள் மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நல்லவேளை, கேள்விகளை மொழிபெயர்த்த எகிப்துக்காரத் தோழி கூட வந்தாள். முதலில் பேட்டர்சன் ஊரில் தனியாக இருந்த ஒரு சிரியா ஆன்ட்டி வீட்டுக்குப் போனோம். வாசலில் ஒரு சானிடைசர், சோபா பக்கத்தில் ஒன்று, மேசையில் ஒன்று. நாங்கள் நீட்டிய பேனாவை வினிகரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் ஆன்ட்டி வாங்கி வைத்தார்.

தோழி கேள்விகளை வாசித்தாள். நோய்ச் செய்தி கேட்டால் தூக்கம் கெடுகிறதா?

"அல்ஹம்துலில்லாஹ்."

நெஞ்சு படபடக்கிறதா?

"அல்ஹம்துலில்லாஹ்."

பதினெட்டுக் கேள்விக்கும் அதேதான்: புகழெல்லாம் இறைவனுக்கே. தோழி எல்லாவற்றிலும் 'ஒருபோதும் இல்லை' என்று டிக் பண்ணினாள். மொத்தம் பூஜ்யம்.

"தைரியமான பொம்பளை," என்றாள் காரில் ஏறியதும்.

"அவங்க இல்லைன்னு சொல்லவே இல்லையே," என்றேன். "எங்க உம்மாவுக்கு நூத்திரெண்டு டிகிரி காய்ச்சல் அடிச்சப்பவும் போன்ல இதைத்தான் சொன்னாங்க. குறை சொன்னா அல்லாஹ்வுக்கு நன்றி கெட்டதனமாயிடும்னு பயம்."

"அரபி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"உனக்குத்தான்."

அவள் காரைக் கிளப்பி நெடுஞ்சாலையில் ஏற்றினாள். அப்புறம், "எங்க அம்மாவும் அப்படித்தான்," என்று முணுமுணுத்தாள்.

தாளின் தலைப்பில் இரண்டு வரி சேர்த்தோம். பயப்படுவது நன்றி கெட்டதனம் அல்ல. உள்ளதைச் சொன்னால் அடுத்தவர்களுக்கு உதவும். இரண்டு வாரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு போனால், ஆன்ட்டி முகம் சுண்டிவிட்டது.

"போன தடவை நான் பொய் சொன்னேன்னு நினைக்கிறீங்களா?"

"தப்பு எங்க மேலதான். கேட்ட விதம் சரியில்லை," என்றாள் தோழி.

ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தார். பிறகு பேனாவைத் தானே எடுத்தார். மகள் டெக்சஸில் நர்ஸாம், தோழி மொழிபெயர்த்துச் சொன்னாள். தினம் ஏழு மணிக்கு போன் வர வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமானால் நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. இதைச் சொல்லிக்கொண்டே டிக் பண்ணிக்கொண்டு போனார். டிக்கெல்லாம் 'எப்போதும்' கட்டங்களாகப் பார்த்து விழுந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே, ஒரு வழியாக நம் தாள் எதையோ அளக்கிறது என்று வெட்கமில்லாத சந்தோஷமும் வந்தது.

அந்த இரண்டு வரியும் கடைசிப் பிரதி வரை நின்றன.

அன்றைக்கு ஆன்ட்டி தாளை உடனே தரவில்லை. மகளுக்கு போன் போட்டு, ஒவ்வொரு பதிலாக வாசித்துக் காட்டினார். மறுமுனையில் மகள் அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. ஆன்ட்டி அதற்கெல்லாம் நிற்காமல் அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டிருந்தார்.