கொழுத்துப்போன புத்தகம்

பிள்ளைகளே, போனில் எழுத்தை ஏன் இவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறீர்கள், கண் தெரியாதா என்று கேட்டீர்கள். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அது பதுளையில் படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அப்போது நமுனுகுல பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் கொழுந்து சாக்கு தூக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளையில் ஒரு கல்லூரியில் மோட்டார் வைண்டிங் வகுப்பு. பரீட்சையில் தேறினால் பெக்டரியிலேயே எலக்ட்ரீஷியன் வேலை தருவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். தேறாவிட்டால் சாக்குதான்.

வகுப்பில் என் பக்கத்தில் பூனாகலைத் தோட்டத்துத் தம்பி ஒருவன் உட்காருவான். போர்டைப் பார்க்கவே மாட்டான், என் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவான். "போர்டுல சேர் எழுதுறது கோழி கிண்டின மாதிரி இருக்குண்ணே. உங்க எழுத்துதான் முத்து முத்தா இருக்கு" என்பான். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பரீட்சைக்கு வேண்டியதெல்லாம் ஒரே இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அது காகிதப் புத்தகமில்லை. நூலகத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பெயரைப் பதிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு வாசித்தேன். அடுத்த ஞாயிறு போனால் திறக்கவில்லை.

"உங்கட கிழமை முடிஞ்சுது தம்பி. இப்ப வேற ஒருத்தர் எடுத்திருக்கிறார்" என்றார் நூலகத்து மிஸ். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"எடுத்துட்டாரா? புத்தகம் உள்ளதானே மிஸ் இருக்கு?"

"இருக்குத்தான். ஆனா ஒரு நேரத்தில ஒருத்தருக்குத்தான் திறக்கும். ஏழு நாள் முடிய அதுவே மூடிக்கொள்ளும்."

"யாரு மிஸ் எடுத்தது?"

"அது சொல்லக்கூடாது."

பஸ்ஸில் வரும்போது அதே யோசனை. டீக்கடையில் ஒரு பேப்பரை நாலு பேர் தாள் தாளாகப் பிரித்து வாசிக்கிறோம். தாளே இல்லாத புத்தகம் எப்படி ஒருவர் கையில் மாட்டிக்கொள்ளும்?

மறு ஞாயிறு என் முறை. போன தடவை நிறுத்திய இடம் நூற்று நாற்பதாம் பக்கம் என்று பஸ் டிக்கட்டின் பின்னால் குறித்து வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தால் எப்போதோ வாசித்து முடித்த சங்கதி. முந்நூறு பக்கத்துப் புத்தகம் ஐந்நூறைத் தாண்டி நின்றது.

"மிஸ், புத்தகம் கொழுத்திருச்சு!"

மிஸ் சிரித்துவிட்டார். "ஆரோ எழுத்தைப் பெருசாக்கி வாசிச்சிருக்கினம். எழுத்துப் பெருத்தாப் பக்கமும் கூடும்." ஏதோ அழுத்தினார். எழுத்து சிறுத்தது, புத்தகமும் பழையபடி மெலிந்தது.

அடுத்த முறையும் அதே கதை. யார் இந்த ஆள்? கல்லூரியில் வயசாளி யாரும் இல்லையே? பரீட்சைக்கு இன்னும் நாலு ஞாயிறு. அதில் பாதி அந்த ஆளுக்கு. எனக்கோ பாதிப் புத்தகம் பாக்கி. ஆளைக் கண்டுபிடித்து ஒரு ஞாயிற்றையாவது கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று, அவர் முறை வந்த அன்று இரண்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு அலுமாரிக்குப் பின்னால் நின்றேன்.

வந்தது பூனாகலைத் தம்பி. அங்குமிங்கும் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். திரையில் ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் மொத்தம். அப்படியும் மூக்கு திரையில் முட்டியது.

"நீதானா அது!"

துள்ளி எழுந்தான். "அண்ணே, நீங்க பஸ்ஸுக்குப் போகலையா?"

"ஒன்னப் பாக்கத்தான் நின்னேன். கண்ணு தெரியாட்டி கண்ணாடி போட வேண்டியதுதானே?"

"சத்தம் போடாதீங்கண்ணே. கண்ணாடி போட்டா, குருட்டுப் பய கரண்டுல கைய வைக்கப்போறான்னு தோட்டத்துல வேலை குடுக்க மாட்டாங்க."

"அப்ப என் எழுத்து முத்து முத்தா இருக்குன்னது?"

"பெருசா இருந்துச்சு. அவ்வளவுதாண்ணே."

அவனிடம் போய் ஞாயிற்றைக் கேட்க மனம் வரவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

மிஸ் எட்டிப் பார்த்தார். "ஒருத்தருக்குத்தான் எண்டு சொன்னனே?"

"தொறந்தது ஒருத்தருக்குத்தான் மிஸ். நான் சும்மா பக்கத்துல இருக்கேன்."

மிஸ் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவன் முறையானாலும் என் முறையானாலும் இருவரும் உட்கார்ந்தோம். அவன் இங்கிலீஷை வாசிப்பான், நான் படத்தை விளக்குவேன். எழுத்தை நான் சிறிதாக்கவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் ஒரே பக்க எண். கடைசி ஞாயிறு கடைசிப் பக்கமும் முடிந்தது.

பரீட்சை அன்று தம்பி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான்.

"தோட்டத்துல என்ன சொல்வாங்க?" என்றேன்.

"வயரை மாத்திக் கொளுவினா அதவிட மோசமா சொல்வாங்கண்ணே." என் முகத்தை உற்றுப் பார்த்தான். "மீசையில இவ்வளவு நரையா! இத்தனை நாளும் உங்கள வாலிபன்னுல்ல நெனச்சேன்!"

இருவரும் தேறினோம். அவனுக்கு என்னைவிட அதிக புள்ளி.

சான்றிதழ் வாங்கப் போன அன்று நூலகத்துக்குள் தலையை நீட்டினேன்.

"அந்தப் புத்தகம் இப்ப யாருகிட்ட மிஸ்?"

"சொல்லக்கூடாது தம்பி."