சம்பந்தியின் ஊரைத் தேடி அடிஸ்கொம்ப் வரை

சனிக்கிழமை, காலை 9.20. ஸ்ட்ரெதம் ரயில் நிலையத்துக்கு எதிரே 57ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸிலோ ட்ராமிலோ ஏறினால் மேலதிகமாக எதுவும் எடுக்க மாட்டார்கள். அதற்குள் டூட்டிங்கில் அத்தானை ஏற்றிக்கொண்டு, விம்பிள்டனில் பீற்றரைச் சந்தித்து, ட்ராம் பிடித்துவிடலாம் என்று முதல்நாளே பார்த்து வைத்திருந்தேன்.

போகவேண்டிய இடம் குறொய்டனைத் தாண்டியிருக்கும் அடிஸ்கொம்ப். என் வீட்டிலிருந்து நேராக அளந்தால் பத்துக் கிலோமீற்றர் வராது. ஆனால் நாங்கள் தேடிய ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பது புறப்படும்போது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஆரணிக்கும் டானியல் என்ற பிள்ளைக்கும் வருகிற கோடையில் கலியாணம். எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை பகுதியை விசாரிக்காமல் கலியாணத்துக்கு நாள் வைப்பதில்லை. எந்த ஊர், எந்த ஒழுங்கை, தகப்பன் யார், தகப்பனின் தகப்பன் யார் என்று கேட்டு வருவதற்கு ஒருவர் போவார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பு என் மனைவியின் தமையனான அத்தானுக்கு உரியது. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு என்ன விசாரணை என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தான் விடவில்லை. டானியலின் தகப்பன் பீற்றரிடமே நேராகப் போய், உங்கள் தகப்பனுக்கு எந்த ஊர் என்று கேட்டுவிட்டார்.

"எனக்கும் அதுதான் தெரியவேண்டும்" என்றார் பீற்றர்.

பீற்றருக்கு எழுபத்தெட்டு வயது. ரயில் பாதைச் சமிக்ஞைகளைப் பராமரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஜேர்மனியில் இடம்பெயர்ந்தோருக்காக அமைத்த முகாம் ஒன்றில் உக்ரேனியப் பெற்றோருக்குப் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்தவர். பெட்ஃபோர்டுக்கு அருகே செங்கல் சூளை ஒன்றில் தகப்பனுக்கு வேலை கிடைத்தது. தகப்பனின் எல்லாப் பத்திரங்களிலும் பிறந்த இடம் ஸ்ட்ரி என்று இருக்கிறது. போருக்கு முன்னர் போலந்துக்குள் இருந்து, இன்று மேற்கு உக்ரேனில் இருக்கும் சிறு நகரம் அது. பீற்றர் அங்கே இரண்டு தரம் போனார். எந்தத் தேவாலயப் பதிவிலும் தகப்பனின் பெயர் இல்லை. எவரும் உறவு சொல்லிக்கொண்டு வரவில்லை. இரண்டாம் தரம், தன் குடும்பப் பெயர் பொறித்த கல்லறைகளைத் தேடி ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பினார். போன வருடம் அவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. தகப்பன் பிறந்த மண் எதுவென்று தெரியாமல் போய்விடுவேனோ என்பதுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனக்கிருந்த ஒரே பயம் என்று என்னிடம் சொன்னார்.

நான் லண்டனுக்கு வருமுன் பதினைந்து வருடம் ஜேர்மனியில் இருந்தவன். முகாம் பத்திரங்களின் ஜேர்மன் மொழியை வாசிப்பது எனக்குச் சிரமமில்லை. பீற்றர் சேர்த்துவைத்த பிரதிகளை ஒரு மாதமாக வாசித்தேன். எல்லாத் தாளும் ஸ்ட்ரி என்றே சொன்னது. தாள்களில் இனி ஒன்றும் கிடைக்காது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. முகாமில் பீற்றர் குடும்பத்தோடு ஒரே அறையைப் பங்கிட்ட குடும்பங்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒல்கா ஒருவர்தான். அப்போது பத்து வயதுச் சிறுமி, இப்போது எண்பத்தேழு. பீற்றர் அவரிடம் பல தரம் கேட்டிருக்கிறார். அவரும் ஸ்ட்ரி என்றுதான் சொல்லியிருக்கிறார். அதை என் காதால் ஒருமுறை கேட்கவேண்டும் என்றேன். அத்தானும் வருவதாக நின்றார்.

9.45. டூட்டிங் புறோட்வேயில் அத்தான் ஏறினார். கையில் எண்ணெய் ஊறிய பொதி.

"மட்டன் ரோல்ஸ். ஒண்டு ஒண்டரைப் பவுண். பன்ரண்டு வாங்கினனான்" என்றார். "விசாரிக்கப் போற வீட்டுக்கு வெறுங்கையோட போகேலாது."

"விசாரிக்கப் போகேல்லை அத்தான். தேத்தண்ணி குடிக்கப் போறம்."

"ரெண்டும் ஒண்டுதான் மச்சான்."

10.05. விம்பிள்டன் நிலையத்தில் பீற்றர் கழுத்துப்பட்டி கட்டி, பத்திரக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அத்தான் அவரைச் "சம்பந்தி" என்றுதான் கூப்பிடுவார். பீற்றர் அதைத் தன் பட்டப்பெயர் என்று எண்ணியிருந்து, பொருள் தெரிந்தபின் தானும் அத்தானைச் "சம்பந்தி" என்கிறார்.

ட்ராம் அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும். மிச்சம் என்ற இடத்தைத் தாண்டும்வரை வீடுகளின் பின்பக்கங்களும் புல்வெளிகளும், பிறகு தொழிற்பேட்டைகள். பீற்றர் தன் தாய் சொன்ன முகாமை விவரித்தார். நீளமான இராணுவக் கட்டடம். ஓர் அறையில் நான்கு குடும்பம். இடையில் சுவருக்குப் பதிலாகக் கயிற்றில் தொங்கும் போர்வைகள். ஜேர்மனியில் நாங்கள் எட்டுப் பேர் இருந்த அகதி விடுதி அறையிலும் அப்படித்தான் போர்வை கட்டியிருந்தோம் என்றேன். பச்சைப் போர்வையா என்று கேட்டார். சாம்பல் நிறம் என்றேன். அத்தான், கக்கூசுக்கு எத்தனை பேர் வரிசை என்று கேட்டார். அது தாய் சொல்லவில்லையாம்.

"அதைச் சொல்லாட்டி மிச்சமெல்லாம் என்ன கதை" என்றார் அத்தான்.

10.50. ஒல்காவின் வீடு அடிஸ்கொம்ப் ட்ராம் தரிப்பிடத்திலிருந்து நானூறு மீற்றர். சிறிய வீடு, பின்னால் ஒரு துண்டுத் தோட்டம். அவர் குள்ளமானவர், காது நன்றாகக் கேட்கும், நடக்க ஒரு தடி. கேக் வெட்டி வைத்திருந்தார். அத்தான் ரோல்ஸைப் பிரித்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் பேசியது ஆங்கிலம். அத்தானின் ஆங்கிலம் யாழ்ப்பாணத் தமிழின் நடையிலேயே நடப்பதால், அதை அந்தத் தமிழிலேயே தருகிறேன்.

பீற்றர் கோப்பைத் திறந்து மேசையில் பரப்பினார். ஒல்கா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஓம், ஸ்ட்ரிதான், என் குடும்பமும் அங்கேதான் என்றார். அத்தான் தன் வேலையைத் தொடங்கினார். அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ஒல்கா தயங்கவேயில்லை. ஊர், ஸ்ட்ரி ஆற்றின் கரையில். தேவாலயம் சந்தைக்கு வடக்கே. சந்தை வியாழக்கிழமை. பாதிரியாரின் பெயர், பள்ளித் தலைமை ஆசிரியரின் பெயர், ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவின் பெயர். நின்று மூச்சு விடாமல் சொன்னார். பீற்றர் தலையாட்டிக்கொண்டிருந்தார், அவர் பல தரம் கேட்டது.

நான் கேக் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தேன். சொந்த ஊரை ஒருவரும் இந்த ஒழுங்கில் சொல்வதில்லை. அத்தானிடம் அவருடைய ஊரைக் கேட்டால், சந்தியில் கடிநாய் வளர்த்த வீட்டில் தொடங்கி, மத்தியானம் வரையும் அந்த நாயிலேயே நிற்பார். இந்த ஒழுங்கில் நானும் சொல்லியிருக்கிறேன், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை. கோயில் எந்தப் பக்கம், சந்தை என்றைக்கு, பள்ளிக்கூட அதிபரின் பெயர் என்ன, ஆமிக் காம்ப் எத்தனை கிலோமீற்றர். ஜேர்மனியில் அகதி விசாரணைக்கு முந்தின கிழமை, விடுதியில் இருந்த மூத்தவர் ஒருவர் எங்களை வரிசையாக இருத்திக் கேள்வி கேட்டுத் தயார்ப்படுத்தினார். பொய் சொல்லப் போகிறவனும் பாடமாக்கினான், உண்மை சொல்லப் போகிறவனும் பாடமாக்கினான்.

ஆகவே கேட்டேன். "அம்மா, இதையெல்லாம் முகாமில் உங்களுக்குச் சொல்லித்தந்தது யார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பீற்றர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அத்தான் இடையில் புகுந்தார்.

"அம்மா, எனக்கு எத்தினை வயசு சொல்லுங்கோ" என்றார்.

அவர் அறுபத்தைந்து என்றார்.

"அறுபத்தேழு. ஆனா பாஸ்போட்டில அறுபத்திரண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் என்னைப் படிக்கிற பெடியன் எண்டு காட்ட அஞ்சு வயசைக் குறைச்சவன். அப்ப சந்தோசம். இப்ப என்னோட படிச்சவங்கள் எல்லாம் பென்சன் எடுத்துக்கொண்டு பார்க்கில நடக்கிறாங்கள். நான் விடிய அஞ்சு மணிக்கு ஷிப்டுக்குப் போறன். பொய்ப் பிறந்தநாளுக்குப் பிள்ளையள் கேக் வெட்டுதுகள், நானும் வாயைத் திறந்து வாங்கிச் சாப்பிடுறன்."

ஒல்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து தடியை ஊன்றிப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. விடுதியில் பாடம் நடக்கும்போது நாங்களும் கதவைச் சாத்தினோம்.

திரும்பி வந்து உட்கார்ந்து, பீற்றரைப் பார்த்துச் சொன்னார். போர் முடிந்ததும் சோவியத் அதிகாரிகள் முகாம் முகாமாக வந்து தங்கள் ஆட்களைக் கேட்டார்களாம். போருக்கு முன்பே சோவியத்தாக இருந்த கிழக்கில் பிறந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். போலந்துப் பகுதியில் பிறந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் அந்த அறையில் நான்கு குடும்பமும் ஒரே இரவில் மேற்கில் பிறந்தன. உண்மையாகவே ஸ்ட்ரியில் பிறந்தவர் ஒரே ஒரு தையல்காரர். சாயந்தரங்களில் அவர்தான் எல்லோருக்கும் பாடம் நடத்தினார்.

"உன் அப்பாதான் மகா மோசமான மாணவர்" என்றார். "ஊரில் ஓடும் ஆறு என்ன என்று தையல்காரர் கேட்பார். உன் அப்பா ஒவ்வொரு தரமும் வோர்ஸ்க்லா என்பார். தையல்காரர் தலையில் அடித்துக்கொள்வார். தண்டனையாக அறையைக் கூட்டச் சொல்வார். சிறுவர்கள் நாங்கள் அவரை வோர்ஸ்க்லா என்றே கூப்பிட்டோம்."

வோர்ஸ்க்லா, பொல்தாவா நகரைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆறு. ஸ்ட்ரியிலிருந்து கிழக்கே, பாதை வழியாக ஏறத்தாழத் தொள்ளாயிரம் கிலோமீற்றர்.

விசாரணை நாளில் ஆற்றைப் பற்றிய கேள்வி வருமுன், தாயின் மடியில் இருந்த பீற்றர் வீரிட்டு அழுததாகவும், அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு முத்திரை குத்திவிட்டதாகவும் ஒல்கா சொன்னார். பீற்றர் சிரிக்கவில்லை.

"இத்தனை தரம் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?"

"நீ ஒவ்வொரு தரமும் கையில் தாளோடு வந்தாய். தாளோடு வருபவர்களுக்கு என்ன சொல்லவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். உன் தாளெல்லாம் தன் தாளின்மேல்தான் நிற்கிறது, உனக்குச் சொல்லவேண்டாம் என்று உன் அப்பாவும் சொல்லியிருந்தார்."

"அப்படியென்றால் நான் யாருடைய கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றினேன்?"

பீற்றர் எழுந்து தோட்டத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் எழ முயன்றேன். அத்தான் கையமர்த்திவிட்டு, ஒரு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது கேட்கவில்லை. அத்தான் கையை நீட்டி ஏதோ தூரம் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துப் பீற்றர் ரோல்ஸைக் கடித்தார். உறைத்திருக்க வேண்டும், இருமினார்.

பகல் 1.10. திரும்பும் ட்ராம். பீற்றர் கைத்தொலைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கி, அந்த ஆற்றின் நீலக் கோட்டை விரலால் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார். அங்கே போர் நடக்கிறது. இப்போது போக முடியாது. தன் இருதயத்தோடு இனி எப்போதாவது போகமுடியுமோ தெரியாது என்றார். தோட்டத்தில் அத்தான் சொன்னது என்ன என்று கேட்டேன். அத்தானே திரும்பவும் சொன்னார்.

"எங்கட வீடு வளவு இருபது வருசத்துக்கு மேல ஆமியின்ர முள்ளுக்கம்பிக்குள்ள கிடந்தது. ஒருத்தரும் போகேல்லை. அதுக்காக அது எங்கட ஊர் இல்லையெண்டு போச்சுதோ? சம்பந்திக்கு இப்ப ஊர் இருக்கு. போறதும் போகாததும் பிறகு."

ஸ்ட்ரியில் மெழுகுதிரி ஏற்றியதற்காகத் தான் வருந்தவில்லை என்று பீற்றர் மெதுவாகச் சொன்னார். அந்தத் தையல்காரரின் பெற்றோருக்கும் அங்கே எங்கேயோ ஒரு கல்லறை இருக்கக்கூடும்.

ஜேர்மனியில் எங்களை வரிசையாக இருத்திய அந்த மூத்தவரின் முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. ட்ராம் மிச்சம் நிலையத்தைத் தாண்டியபோது அதை நினைத்தேன். எங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஒருநாள் எங்கள் தாள்களை விரித்துவைத்து, ஊரையும் வயதையும் தேடுவார்கள். தாள் சொல்வதோடு நின்றுவிடாமல், எங்களோடு ஒரே அறையில் கிடந்தவர்களைத் தேடிப் பிடித்து, கக்கூஸ் வரிசையிலிருந்து கேட்கத் தொடங்கினால் நல்லது.

1.45. விம்பிள்டனில் இறங்கியதும் அத்தான் தங்கச்சிக்கு, அதாவது என் மனைவிக்கு, போனில் கோல் எடுத்தார். நிலையமே கேட்கும் குரல்.

"ஓம், விசாரிச்சாச்சு. ஒரு குறையும் இல்லை, கலியாண நாளை வையுங்கோ. பொய்யை ஒழுங்காப் பாடமாக்கின நல்ல குடும்பம்."

என்ன சொல்கிறார் என்று பீற்றர் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் கோப்பை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லை" என்றார். "அப்பா ஒழுங்காகப் பாடமாக்கவில்லை. அதனால்தான் இன்றைக்குத் தெரியவந்தது."