யாரும் சேமித்து வைக்காத எண்

1998-ஆம் ஆண்டு கமர்ஜஹான் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் அந்தத் தெருவுக்கே அது மூன்றாவது இணைப்பு. மற்ற இரண்டும் தோல் வியாபாரிகளின் வீடுகளில் இருந்தன. அவற்றில் விலை பேசினார்கள். கமர்ஜஹான் வீட்டு போனில் வந்ததெல்லாம் மரணச் செய்திதான்.

கமர்ஜஹான் மய்யித்துக் குளிப்பாட்டுகிறவர். முஸ்லிம் வீட்டில் ஒரு பெண் இறந்தால், உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்வது பெண்கள்தான். பேகம்பூரில் அதற்கு முறை தெரிந்தவர்கள் நாலைந்து பேர் எப்போதும் உண்டு. சுற்று வட்டாரத்தில் அப்படியில்லை. ஒரு சின்னப் பள்ளிவாசலும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகளும் இருக்கிற ஊர்களில் முறை தெரிந்தவர் கிடையாது.

அவருடைய அக்கா பாலசமுத்திரத்தில் இறந்தபோது அதுதான் நடந்தது. குளிப்பாட்ட ஆள் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை அக்காவின் முகத்தில் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கமர்ஜஹான், ஊர் திரும்பியதும் முறையைக் கற்றுக்கொண்டார். லுங்கி வியாபாரம் செய்துவந்த கணவர் போனுக்கு எழுதிப் போட்டார். இணைப்பு வந்ததும், வியாபாரத்துக்குப் போகிற ஊர்களின் பள்ளிவாசல்களில் எல்லாம் சொல்லி, அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் அந்த எண்ணைப் பெயிண்டால் எழுத வைத்தார். வடமதுரை, அய்யலூர், கன்னிவாடி, நிலக்கோட்டை. கணவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயின. எண் மட்டும் பலகைகளில் அப்படியே இருந்தது.

அந்த எண்ணைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதை யாரும் தங்கள் செல்போனில் சேமித்து வைக்க மாட்டார்கள். மவுத்து வீட்டு எண், அதாவது சாவுக்கு அடிக்கிற எண், கைக்குள் இருப்பது நல்லதில்லை என்று ஒரு எண்ணம். மார்க்கத்தில் அப்படி எதுவும் கிடையாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் எத்தனையோ வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சொல்லிவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் சேமிக்கவில்லை. தேவைப்படும்போது பள்ளிவாசலுக்கு ஓடி, பலகையைப் பார்த்து அடிப்பார்கள். சொந்தக்காரர்கள் கூட நலம் விசாரிக்க மகன் அல் அமீனின் செல்போனுக்குத்தான் கூப்பிடுவார்கள்.

கமர்ஜஹானுக்கு அதில் வருத்தமில்லை. போன் அடிக்காத நாள் நல்ல நாள் என்று இருந்துவிடுவார். அடித்தால் எழுந்து, பையில் சோப்பும் கற்பூரமும் இருக்கிறதா என்று பார்ப்பார். கார் அனுப்பினால் காரில் போவார், இல்லையென்றால் பஸ். காசு வாங்கியதில்லை.

இந்த வருஷம் ரமலான் முடிந்து கொஞ்ச நாளில், தெருமுனையில் குடை விரித்து ஒரு புதுக் கம்பெனியின் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அல் அமீனுக்கு ஹார்டுவேர் கடையில் வேலை. மனைவி ஃபாயிஸா வீட்டிலிருந்தபடியே கணினியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். இன்டர்நெட் இல்லாமல் முடியாது. பழைய கம்பெனியின் பில் பாதிக்குப் பாதி மிச்சமாகும் என்று குடைக்காரர்கள் சொன்னார்கள். அல் அமீன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"வீட்டு போன் நம்பர் மாறுமா தம்பி?"

மணிமாறன் என்று அடையாள அட்டை தொங்கிய பையன் சிரித்தான். "செல்போன்ல கம்பெனி மாத்துனா நம்பர் மாறுதா பாய்? அதே மாதிரிதான். கூடவே வந்துரும். நீங்க பழைய கனெக்சன சரண்டர் பண்ணுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

அல் அமீன் சரண்டர் செய்தான். கம்பத்திலிருந்து வந்த பழைய வயரை ஒருவர் வந்து வெட்டிச் சுருட்டிக்கொண்டு போனார். சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டது. அதன் பின்னால் போனைச் சொருகினார்கள். இன்டர்நெட் பறந்தது. ஃபாயிஸாவுக்குச் சந்தோஷம்.

போன் அடிக்கவில்லை. கமர்ஜஹான் அதைக் கவனிக்கவுமில்லை. அடிக்காத நாள் நல்ல நாள்தானே. இரண்டு வாரம் அப்படியே நல்ல நாளாகப் போனது.

பிறகு ஃபாயிஸா தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அல் அமீன் செல்லை எடுக்கவில்லையென்று வீட்டு எண்ணை அடித்திருக்கிறாள். 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் குரல் சொன்னது. திரும்பி வந்து தயங்கித் தயங்கித்தான் மாமியாரிடம் சொன்னாள். கமர்ஜஹான் காய்கறி நறுக்குவதை நிறுத்தினார்.

"எத்தன நாளா?"

"தெரியல மாமி. மாத்துன அன்னைலேர்ந்தே இருக்கும்போல."

"அப்ப இம்புட்டு நாளும் யாராச்சும் கூப்பிட்டிருந்தா?"

ஃபாயிஸா செல்லை எடுத்து அந்த எண்ணை மறுபடியும் அடித்துப் பார்த்தாள்.

அல் அமீன் மறுநாள் கடைக்கு லீவு போட்டான். குடை இருந்த இடத்தில் கரும்புச்சாறு வண்டி நின்றது. மணிமாறன் செல்லில் கிடைத்தான். "நான் செல்போன் நம்பரச் சொன்னேன் பாய்" என்றான் முதலில். பிறகு, "எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றான். பிறகு எடுக்கவேயில்லை.

புதுக் கம்பெனியின் சேவை மையத்துக்குப் பேசியபோது அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, புகாருக்கு நான்கை அழுத்தி, ஒரு பாட்டு முழுவதும் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், லேண்ட்லைன் நம்பர் ஒரு கம்பெனிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்த முடியாது சார். உங்களுக்குப் புது நம்பர் குடுத்திருக்கோமே, அது வொர்க் ஆகுதா சார்?"

"அது வொர்க் ஆகுது. எங்களுக்குப் பழசு வேணும்."

"வொர்க் ஆகுதுன்னு நோட் பண்ணிக்கறேன் சார். உங்க புகார் முடிஞ்சிருச்சு. வேற ஏதாவது உதவி தேவைப்படுதா?"

கமர்ஜஹான் போன் பக்கம் குனிந்தார். "ஏம்மா, நான் மய்யித்துக் குளிப்பாட்டுறவ. அந்த நம்பரு பள்ளிவாசல் பலகைல எல்லாம் எழுதிக் கெடக்கு. யாரு வீட்ல மவுத்துன்னாலும் அதுக்குத்தான் அடிப்பாங்க."

"சாரி மேடம்" என்றாள் அந்தப் பெண், இந்தமுறை எழுதி வைத்ததைப் படிக்காத குரலில். "எனக்குப் புரியுது. ஆனா இங்கேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது மேடம்."

அம்மாவும் மகனும் போன பழைய கம்பெனியின் அலுவலகத்தில் ஓய்வுக்கு நெருங்கிய ஓர் அலுவலர் பொறுமையாகக் கேட்டார். கணினியில் தேடியும் பார்த்தார். சரண்டர் ஆன எண் பூட்டப்பட்டிருந்தது. அதைத் திறக்கிற அதிகாரம் அவரிடம் இல்லை, யாரிடம் இருக்கிறது என்றும் தெரியவில்லை. "ஒரு வார்த்தை முன்னாடியே வந்து கேட்டிருந்தா இத நடக்கவே விட்டிருக்க மாட்டேன்மா" என்றார். அல் அமீன் தலையைக் குனிந்துகொண்டான்.

சரி, புது எண்ணையாவது ஊருக்குச் சொல்லிவிடுவோம் என்று கமர்ஜஹான் கிளம்பினார். அங்கேதான் இன்னொரு சுவர் நின்றது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மளிகைக் கடை இஷாக், கையில் எடுத்த செல்போனை மறுபடியும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "வேணாங்கா. உங்க நம்பர நான் போட்டு வச்சா, நீங்க எனக்கே வந்துருவீங்கபோல இருக்கு."

"ஆம்பளைக்கு நான் வரமாட்டேன்லே. பயப்படாத."

"அப்ப எம் பொண்டாட்டிக்கு வருவீங்க. அதுக்கும் வேணாம்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கமர்ஜஹானும் சிரித்தார். பக்கத்துத் தெருவில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண், எண் எழுதிய துண்டுச் சீட்டைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பூ விற்கிற சிவனம்மாள் மட்டும் சீட்டை வாங்கிப் பூக்கூடையில் வைத்தார். "எங்களுக்கு வேற ஆளு, வேற மொறை. நான் இத வச்சு என்னா பண்ணப்போறேன் தாயி? நீ குடுக்கிறியேன்னு வாங்கிக்கிட்டேன்."

ஜமாஅத் செயலாளர் நைனா முகமது நல்ல மனிதர். பேகம்பூர்ப் பலகையில் அன்றைக்கே எண்ணை மாற்றினார். ஜமாஅத்தின் வாட்ஸப் குழுவிலும் போட்டார். பெருநாள் வாழ்த்தும் திருமண அழைப்பும் வருகிற குழு அது. அரை மணிக்குள் நாலு பேர், 'காலங்காத்தால இதெல்லாம் தேவையா?' என்று கேட்டுவிட்டார்கள். ஐந்தாவதாக ஒருவர் குழுவை விட்டே வெளியேறினார். நைனா முகமது செய்தியை அழித்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. சனம் இப்படித்தான் இருக்கு" என்றார்.

யார் வீட்டில் மரணம் வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். அது யாருக்குத் தெரியும்? வெளியூர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்த ஊர்க்காரர்களுடைய எண் எதுவும் கமர்ஜஹானிடம் கிடையாது. அவர்கள்தான் எப்போதும் அழைப்பார்கள். அல் அமீனுக்குக் கடையில் மறுபடி லீவு கிடைக்கவில்லை. கமர்ஜஹான் தனியாக பஸ் ஏறினார். முதலில் வடமதுரை. அங்கே வேலை சீக்கிரம் முடிந்தது. அடுத்து அய்யலூர்.

அங்கே போன நாள் வியாழக்கிழமை; ஆட்டுச் சந்தை. சாலையெல்லாம் ஆடு, வேன், தூசி. ஏறிய ஆடுகளும் இறங்கிய ஆடுகளும் ஒன்றையொன்று பார்த்துக் கத்தின. அய்யலூர்ப் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் கையூமுக்கு ஆட்டு வியாபாரமும் உண்டு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தவர், கூட்டத்தில் கமர்ஜஹானைப் பார்த்ததும் விரலை விட்டுவிட்டார்.

"அம்மா, நீங்களா?"

"ஏன் பாய், பேயக் கண்ட மாதிரி பாக்குறீங்க?"

அவர் கிட்டே வந்தார். "நீங்க மவுத்தாயிட்டீங்கன்னுல்ல நெனச்சோம்."

முந்தின நாள் லுஹர் தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசலுக்குப் பின்புறத்து வீட்டில் ஒரு பெண் இறந்துபோனார். அப்துல் கையூம் பலகையைப் பார்த்து அடித்தார். எண் உபயோகத்தில் இல்லை. இத்தனை வருஷம் ஒருநாளும் எடுக்காமல் இருந்ததில்லை, வயதும் ஆகிவிட்டது. அம்மாவே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தார். அதை அப்படியே அந்த வீட்டிலும் சொன்னார். அதற்குமேல் யாரும் திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பவில்லை. கோடை வெயில், உடலை வைத்திருக்க முடியாது. வீட்டுப் பெண்களே குளிப்பாட்டி, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்துவிட்டது.

"உங்களுக்காக துஆ கூட கேட்டோம்மா" என்றார் அப்துல் கையூம், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

கமர்ஜஹான் அந்த வீட்டுக்குப் போனார். இறந்தவரின் மகள் ஜுலேகா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வந்தவர் யாரென்று தெரிந்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அழவில்லை. கேட்பதற்கு ஆள் கிடைத்த அவசரம் அவளிடம் இருந்தது.

"நானும் எங்கண்ணன் பொண்டாட்டி மச்சியும்தாம்மா பண்ணோம். போன்ல ஒரு வீடியோ பாத்துக்கிட்டே செஞ்சோம். பாதில அது நின்னு போச்சு, டவர் இல்ல. மொதல்ல வலப்பக்கம்தான் ஊத்தினேன். அது சரிதான?"

"சரிதாம்மா."

"கற்பூரம் கடைசித் தண்ணில போட்டோம்."

"அதுவும் சரிதான்."

"தலமுடிதாம்மா என்னா பண்றதுன்னு தெரியல. அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி. சிக்கா இருந்துச்சேன்னு சீப்பு போட்டேன். கொத்தா கையோட வந்துருச்சு. பயந்துபோயி மிச்சத்தச் சுருட்டிக் கழுத்துக்கு அடில வச்சுட்டேன். அம்மாவுக்கு வலிச்சிருக்குமா?"

சீப்பு போடக்கூடாது. இரண்டாகப் பிரித்து, விரலால் மட்டும் ஒதுக்கி, இரண்டு தோள் வழியாகவும் நெஞ்சின்மேல் விட வேண்டும். எத்தனையோ பெண்களுக்குச் செய்த கை அது; மடியில் கிடந்தபடியே விரல்கள் அசைந்தன. அடக்கம் முடிந்துவிட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லை.

"வலிக்காதும்மா. ஒண்ணும் குத்தமில்ல. மக கையால தண்ணி ஊத்துறது எல்லாருக்கும் கெடைக்காது."

"நெசமாவா சொல்றீங்க?"

"நெசமாத்தான்."

ஜுலேகா நம்பினாளா என்று தெரியவில்லை. உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். சீப்போடு வந்த முடி. "இத என்னம்மா பண்றது?" என்றாள்.

உடலோடு சேர்த்து வைத்திருக்க வேண்டியது அது. கமர்ஜஹான் பொட்டலத்தை வாங்கினார். இருவரும் கபர்ஸ்தான் வாசல்வரை போனார்கள். அப்துல் கையூம் வந்து அதை வாங்கிப்போய், ஈரம் காயாத மண்ணின் ஓரத்தில் கையால் பள்ளம் பறித்துப் புதைத்தார். அதற்கப்புறம் பள்ளிவாசலுக்குப் போய், பலகையில் இருந்த பழைய எண்ணை ஆணியால் சுரண்டினார். பெயிண்டர் ஊரில் இல்லை. மார்க்கர் பேனாவால் புது எண்ணை எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அல் அமீன் வாசலில் நின்றான். அம்மா சொன்னதைக் கேட்டான். "நான் நமக்குக் கொஞ்சம் மிச்சமாகட்டும்னுதான்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. கமர்ஜஹான் கால் கழுவிவிட்டுத் தொழப் போனார்.

கன்னிவாடியிலும் நிலக்கோட்டையிலும் பலகைகளில் இன்னும் பழைய எண்தான் இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவர் கன்னிவாடிக்குப் போகிறார்.