ஐலாவின் குழுவில் பொய்க்கும் இடமுண்டு

எங்கள் ஏரிக்கரை ஊரில் ஐலாவுக்கு இரண்டு வேலை. பகலில் ஊராட்சிப் பள்ளியில் சமையல். மற்ற நேரமெல்லாம் ஊரின் முகநூல் குழுவைக் கட்டி மேய்ப்பது. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

யாராவது பிள்ளைகளைக் கேலி செய்து எழுதினால் உடனே நீக்கிவிடுவாள். பொய்யை மட்டும் அழிக்க மாட்டாள். "பொய்யின்னா கீழே உன் பேரைப் போட்டு எழுது. உன் பதிலை மேல தூக்கி வைக்கிறேன்" என்பாள். பேருந்து ஓட்டும் ரெய்யோ ஒருமுறை, ஓநாய் வந்துவிட்டது என்று படம் போட்டான். "அடேய், அது எங்க வீட்டு நாய்" என்று மார்தா கீழே எழுதினாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

போன குளிர்காலத்தில் அதே ரெய்யோ, நீச்சல் கரையை ஊராட்சி விற்கப்போகிறது என்று எழுதினான். கரை போனால் அங்கிருக்கும் எங்கள் பொது நீராவிக் குளியலறையான சானாவும் போகும், உறைந்த ஏரியில் வெட்டிய குளியல் குழியும் போகும். அவை இல்லாமல் வெயிலே எட்டிப் பார்க்காத அந்த இருட்டு மாதங்களை எப்படித் தள்ளுவது?

வியாழக்கிழமை, ஊராட்சியின் தலைமை அதிகாரி தோர்ஸ்தி சானாவுக்கே வந்துவிட்டார். நீச்சலுடையோடு எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஐலா, அது வெறும் வதந்தி. அழிச்சிடுங்க" என்றார்.

"வதந்தின்னு நீங்களே எழுதுங்களேன்."

"நீங்க ஊராட்சிச் சம்பளம் வாங்குறவங்க. கொஞ்சம் யோசிச்சுக்கோங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஐலாவோ சானா அடுப்பில் கொதிக்கும் கற்களின் மேல் ஓர் அகப்பைத் தண்ணீரை ஊற்றினாள். ஆவி சீறியது. "யோசிக்கிறேன்" என்று இன்னோர் அகப்பை. "இன்னும் யோசிக்கிறேன்." தோர்ஸ்தி தக்காளியாகச் சிவந்தார். முதலில் எழுந்து ஓடுகிறவரை ஊர் வருஷம் முழுக்க ஓட்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அடுத்த அகப்பைக்கு, "சரி, எழுதித் தொலைக்கிறேன்!" என்று வெளியே பாய்ந்தார்.

பனியில் நின்றபடியே, ரெய்யோ எழுதியதற்குக் கீழே பதில் போட்டார்: "கரை விற்பனைக்கு இல்லை. தோர்ஸ்தி." ஐலா சொன்னபடி அதை மேலே ஏற்றினாள். ஊரே நன்றி சொல்லி இதயக் குறிகளைக் குவித்தது. அவருடைய மாமியார்கூட, "எங்க மாப்பிள்ளைன்னா சும்மாவா!" என்று எழுதினார்.

ஊராட்சி மன்றக் கூட்டத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. விற்பனைத் தீர்மானம் உண்மையாகவே தயாராக இருந்திருக்கிறது. அத்தனை நன்றியையும் வாங்கிக்கொண்ட பிறகு அதை எந்த முகத்தோடு வாசிப்பார்? தானே எழுந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்த வாரம் தயங்கித் தயங்கிச் சானாவுக்குள் வந்தவருக்கு ஐலா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"தோர்ஸ்தி, ரெய்யோ எழுதினது இப்பதான் நிஜமாவே பொய்யாச்சு. அழிச்சிடவா?"

"ஐயையோ, வேணாம்!" என்று பதறினார். "அது போனா என் பதிலும் சேர்ந்து போயிடுமே!"