அடுத்தவர் சாமான்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் தீவில் மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடிப் பகடை உருட்டிக் கதை விளையாடுவோம். ஆளுக்கொரு வேஷம். கதையை நடத்துபவர் என் அலுவலகத்து அண்ணன், மதுரைக்காரர். விதிப் புத்தகத்தைக் கோர்ட் தீர்ப்பு மாதிரி வாசிப்பார். வாள்வீரனாக வருகிறவள் மலையாளி நர்ஸ் ஒருத்தி. நான் பூசாரிப் பெண். எதையும் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை என்று விரதம் எடுத்தவள். அதற்காகத் தெய்வம் எனக்கு மந்திர சக்தி கொடுத்திருக்கிறது. விரதம் உடைந்தால் சக்தியும் போய்விடும்.

அன்றைக்கு வீரன் குத்துப்பட்டு விழுந்தான். நான் மந்திரம் போடாவிட்டால் செத்துப்போவான். பகடையை எடுத்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உன் பையில வெள்ளிக் கிண்ணம் இருக்குல்ல? விரதம் போச்சு. மந்திரம் கிடையாதும்மா.”

“அது என்னோடது இல்லண்ணே. போன வாரம் கதையில வந்த மீன்காரர் தன் மகள்கிட்ட சேர்க்கச் சொல்லிக் குடுத்தாரு. கொண்டுபோறேன், அவ்வளவுதான்.”

“உன் பையில இருந்தா உன்னோடது. ரூல் அப்படித்தான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தத் தீவில் இருந்துகொண்டு இப்படிப் பேச எப்படித்தான் வாய் வருகிறதோ. வடக்கே இருக்கிற லாங் ஐலண்டுக்குப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் போதும், படகுத்துறைக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு கையும் நிறைந்துவிடும். ஒருவர் வீட்டு மிக்ஸி ஜார், இன்னொருவர் அம்மாவுக்கு மாத்திரை, முன்பின் தெரியாத ஒரு பெங்காலி அக்காவின் மகளுக்குக் கல்யாணப் புடவை. போட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே அந்தப் புடவையை நனையாமல் மடியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன். இதே அண்ணனும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும்போது ஊரார் மூட்டையெல்லாம் சுமந்து வந்தவர்தான்.

அதைச் சொன்னேன். ஆட்டத்துக்கு அது செல்லாது என்றார். சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, இங்கே ரப்பர் பால் எடுத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. ஒன்றும் இல்லாத அந்த நாட்களிலும் அடுத்தவர் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். இல்லாமையைப் பற்றி எனக்கு ஒரு புத்தகம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“லடாயி பாத் மே கரோ,” என்றாள் நர்ஸ். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன் என்று சிரித்தாள்.

அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, ஒண்ணு செய். கிண்ணத்தைத் தூக்கிக் கடல்ல போடு. சாமி மன்னிச்சுரும். மந்திரம் திரும்ப வந்துரும், இவனும் பொழச்சுக்குவான்.”

“போட மாட்டேன்.”

“அப்ப மந்திரம் போயிரும்.”

“போகட்டும். மந்திரம் சாமியோடது, சாமியே எடுத்துக்கட்டும். விரதம் நான் எடுத்தது. அடுத்தவங்க பொருளைக் கடல்ல வீசித்தான் அதைக் காப்பாத்தணும்னா, அது என்ன விரதம்?”

“வீரன் செத்துருவான்மா.”

“சாக விட மாட்டேன். முதுகுல தூக்கிக்கிறேன். வைத்தியர் வீடு வரைக்கும் நடக்கிறேன். விழுந்தா எந்திரிச்சு நடக்கிறேன். அதுக்கு மந்திரம் வேணாம்ல?”

அண்ணன் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

“தேடும்போது இதையும் பாருங்கண்ணே,” என்றேன். “தூக்கிட்டுப் போறதால அவனும் என் சொத்தா?”

அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நான் காத்திருக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பகடையை உருட்டினேன்.