திரேசாவின் தாய்வீட்டுக்கு

பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கால்நடையாகத் திரும்பிய 1942ஆம் வருஷக் கோடையில் போன பயணம் இது. என் தம்பி ஆரோக்கியம் அப்படித்தான் விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மனைவி திரேசா கூட வரவில்லை. மலைப்பாதையில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள். திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்யும் அவள் தாய்க்கு இது தெரியாது.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேங்க்கா?" என்றான். அதனால் நானும் கிளம்பினேன்.

காலைப் பாசஞ்சரில் மூன்றாம் வகுப்பு. ஏறக்குறைய இருபத்துநாலு மைல். பெட்டி முழுக்கச் சிப்பாய்கள். அவர்களுடைய டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் போனோம். திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் மாட்டுவண்டி கிடைக்கிறது. கிராமத்துக்கு ஐந்து மைல். எட்டணா கேட்பார்கள், ஆறணாவுக்கு வருவார்கள்.

"சொந்த ஊருக்குப் போறீங்களா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"எனக்கு ஊரே இல்லீங்க" என்றான் தம்பி. பொய்யில்லை. பண்ணையார் நிலத்தில் இருந்த எங்கள் குடிசை, அவன் கப்பலேறிய வருஷமே போய்விட்டது.

வண்டி வாசலில் நின்ற சத்தம் கேட்டு வெளியே வந்த திரேசாவின் தாய், மருமகனைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். என்னைத் தவிர யாருமில்லை.

"எம்பொண்ணு எங்க?"

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "நடக்க முடியல அத்தை. இன்னும் கொஞ்ச தூரந்தான், ஊட்டுக்குப் போய்டலாம்னேன். 'மோட்சந்தான்யா நம்ம ஊடு, நான் முன்னால போறேன், நீ மெதுவா வா'ன்னா."

"ஏன், எங்கூட்ல அவளுக்கு எடமில்லையா?" என்று அவள் கத்தினாள். "இங்க வர்றதுக்கு என்ன கேடு?" மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நெடுநேரம் யாராலும் தேற்ற முடியவில்லை.

மோட்சமே நம் வீடு என்று கோயிலில் கேட்கும்போதெல்லாம், ஒரு குழி நிலமில்லாதவர்களுக்குச் சொல்லும் சமாதானம் என்றுதான் எனக்குப் படும். ஆனால் திரேசா யாரையும் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. போகிற இடம் தெரிந்தவளாகச் சொல்லியிருக்கிறாள். அந்த அழுகைக்கு நடுவில் எனக்கு அது உறைத்தது.

அழுது ஓய்ந்தபின் தாய் கேட்டாள்: "கடைசில பயந்தாளா?"

"இல்ல அத்தை. எங்கையப் புடிச்சிக்கினே தூங்கிட்டா."

அவள் எழுந்து போய்க் கேப்பைக் கூழைக் கரைத்து அவன் முன் வைத்தாள். "அவள சர்வேசுரன் பாத்துக்குவாரு. ஒன்ன யாரு பாக்கறது? குடி. அவரு கூப்புடறவரைக்கும் இங்கியே இரு."

அவன் அங்கேயே தங்கிவிட்டான். மறுவாரம் இருவரும் சேர்ந்து மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போனதாகத் தகவல் வந்தது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். ரயிலில் இடம் எதிர்பார்க்காதீர்கள். துக்கச் செய்தியோடு போகிறவர்கள் காலை வண்டியையே பிடியுங்கள். அழுது தீர்க்க ஒரு முழுப் பகல் வேண்டும்.